என் தொண்டையில் ஒரு பல்லி

போன திங்கட்கிழமை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் என் கழுத்துத் தையலைப் பிரித்தார்கள். வில்லியனூர் திரும்பியதும் ஒரு செம்பு தண்ணீர் குடித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை! மகிழ வேண்டியதுதானே? என் மனைவி செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழம தம்பிக்கு நிச்சயம். அதுவரைக்கும் அந்தச் சத்தத்த வெச்சிக்கினு இருந்தா இன்னா?”

நாட்குறிப்பைப் பார்த்தே சொல்கிறேன், வரிசை தப்பாது.

சித்திரையில் ஆரம்பித்தது. எச்சில் விழுங்கினால் தொண்டையில் ‘டிக்’. எதிரில் இருப்பவருக்கே கேட்கும்.

ஆனியில் டாக்டரைப் பார்த்தேன். குரல்வளையை விரலால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்து, விழுங்கச் சொன்னார். சத்தமில்லை. விட்டார்... ‘டிக்’. குருத்தெலும்பின் மேல்முனை கொம்புபோல் நீண்டு, விழுங்கும்போதெல்லாம் பக்கத்து எலும்பில் உரசுகிறதாம். கழுத்து மடிப்பில் கீறி, நுனியை நறுக்கினால் சரியாகிவிடும். “நகம் வெட்டுவதுபோல” என்றார். கழுத்து அவருடையதா என்ன?

ஆவணியில் மைத்துனன் முருகேசனுக்குப் பெண் கேட்டு பாகூர் போனோம். பெண்ணின் அப்பா கேட்டார்:

“மாப்ளைக்கு சாராயம் கீராயம்...?”

செங்கமலம் என்னைப் பார்த்தாள்.

“தொடமாட்டான்” என்றேன். பயத்தில் எச்சில் விழுங்கினேன். ‘டிக்’!

கூடத்தில் அத்தனை பேரும் தரையை விரலால் தட்டினார்கள்.

“பல்லியே சொல்லிடுச்சி! அப்புறம் இன்னா பேச்சு?”

உத்தரத்தை அண்ணாந்து பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

இந்த வெள்ளிக்கிழமை, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிச்சயத்துக்குப் போனேன். தாம்பூலத் தட்டைத் தூக்கும் நேரத்தில் பெண்ணின் அத்தை குறுக்கே வந்தாள் — குடிகாரப் புருஷனோடு காலம் தள்ளியவள். என் பக்கம் திரும்பினாள்.

“இருங்க. அண்ணே, இன்னொரு வாட்டி சொல்லு. எங்க பொண்ணு தலையில கைய வெச்ச மாதிரி நெனச்சிக்கினு சொல்லு. குடிப்பானா?”

எல்லாரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். எச்சில் விழுங்கினேன். ஒன்றுமில்லை. தொண்டை கைவிட்ட பிறகு மனிதன் என்னதான் செய்வான்?

“குடிக்கிறான்மா. தினமும்.”

அப்போது பார்த்து, உத்தரத்தில் நிஜப் பல்லி ஒன்று சொல்லித் தொலைத்தது!

அத்தை நிதானமாகத் தரையைத் தட்டினாள். “ஒரு வருசம் கட பக்கமே போவாம இருக்கட்டும். அப்பால வாங்க.”

வண்டியில் திரும்பினோம். வில்லியனூர் நெருங்கும்போது முருகேசன் மெல்லக் கேட்டான்:

“மாமா... நறுக்குனத திரும்ப ஒட்ட வெப்பாங்களா?”