பக்கத்து வீட்டு ஃப்ரீசரும் என் மூன்று கம்பிகளும்

அக்குறணையில் எங்கள் வீடு ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. ட்ரான்ஸ்போமரிலிருந்து வரும் மின்கம்பியும் அங்கேதான் முடிகிறது. எங்களுக்கு முந்திய வீட்டுப் பெண் சின்னப் பையில் அடைத்த ஐஸ் பக்கெட்டும் வட்டிலப்பம் என்ற புடிங்கும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறாள். கணவன் த்ரீவீல் ஓட்டுகிறான். அவளுடைய டீப் ஃப்ரீசர் எரிந்துபோனதற்கு நான்தான் காரணம்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. மின்னியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்.

வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் எடுத்தபோது மூன்று கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வந்தன. ஒவ்வொரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட். எந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையில் 400. இரண்டு 230 சேர்ந்தும் 460 ஆகாததற்குக் காரணம், மூன்றும் ஒரே கணத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கும். அதனாலேயே வீட்டுச் சுமையை மூன்றிலும் சமமாகப் பிரித்துப் போட்டால், திரும்பி வரும் மின்னோட்டங்கள் நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தெருக்கம்பிக்கு நோகாது.

இதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் என் வீட்டில் சுடுநீர் ஷவர் இரண்டு, ஓவன், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் போடச் சொன்னேன். வேறு கம்பியில் இருக்கும் என் வாசிப்பு அறையின் விளக்கு மினுங்கக்கூடாது என்பதுதான் காரணம். பக்கத்து வீட்டுக்குப் போவதும் அதே கம்பிதான் என்பது எனக்குத் தெரியும்.

ஒரே கம்பியில் சுமை கூடி வோல்ட் குறைந்தால் பல்ப் மங்கும், கேத்தல் மெதுவாக, ஆறுதலாகக் கொதிக்கும். அவற்றுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஃப்ரீசருக்குள் இருக்கும் மோட்டாரின் கதை வேறு. வோல்ட் குறைந்தாலும் அது அதே வேலையைச் செய்தாக வேண்டும். குறைந்ததை ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கும். சூடேறி ஒருநாள் கருகும்.

கருகியபோது அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் மீட்டரோடு போனேன். முற்பகல் நேரம், என் வீட்டில் எதுவும் ஓடவில்லை. அந்த நேரத்தை நான் தெரிந்தே எடுத்தேன். 226 காட்டியது.

“கரண்ட்ல பிழை இல்ல மகள். ஃப்ரீசர் பழசு” என்றேன்.

மனைவி மூடிவரை நிரப்பியதால்தான் ஃப்ரீசர் செத்தது என்று கணவன் சிரித்தான். “ஹாஜியாரே செல்லிட்டார். வாய் மட்டும் அடச்சி வெச்சா அது மவுத்தாகாம என்ன செய்யும்?”

அதற்குப் பிறகு, அந்த வீட்டில் கறி உப்புக் கூடினாலும் ஃப்ரீசரைச் சொல்லித்தான் அவளுக்கு ஏச்சு என்று என் மனைவி சொல்லுவாள்.

பக்கத்து வீட்டுக்காரி தன் கூடப்பிறந்த நானாவின் கடையிலிருந்து இன்னொரு ஃப்ரீசர் கொண்டுவந்தாள். சில மாதங்களில் அதுவும் அந்தி நேரத்தில் முனகத் தொடங்கியது. என் கேற்றடியில் வந்து நின்றாள்.

“இதும் போச்சிண்டா நான் இந்த வேலய உட்டுட்றேன் ஹாஜியார். இன்னொருக்கா ஏச்சு வாங்க ஏலா.”

அங்கேயே சொல்லிவிட்டேன். கம்பியைப் பற்றியும், நான் அளந்த நேரத்தைப் பற்றியும்.

“அப்ப நீங்க சுடுதண்ணில குளிச்சதுக்கு நான் ஏச்சு வாங்கீக்கிறேன்.”

“ஓம் மகள்.”

“எனக்கிட்டச் செல்லி என்ன பிரயோசனம்? அவருக்கிட்டச் செல்லுங்க. காட்டுங்க. நான் அடச்சி வெச்சதால இல்லண்டு.”

மறுநாள் வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் கையை வைக்கும் முன், அவளுடைய குசினி அடுப்படியில் நானும் அவளும் கணவனும் நின்றோம். மீட்டரைப் பிளக்கில் வைத்தேன். போனில் என் மனைவி.

“எல்லாத்தையும் போடு” என்றேன்.

226 இருந்தது 178க்கு விழுந்தது. ஃப்ரீசர் தொண்டை அடைத்தவன் போல இரைந்தது. “நிப்பாட்டு” என்றதும் இலக்கம் ஏறியது. கணவன் மீட்டரை என் கையிலிருந்து வாங்கினான். “இன்னொருக்கா போடச் செல்லுங்க.” மூன்று தடவை போடவைத்தான். கடைசித் தடவை என் மனைவி போனில், “என்ன, எங்கட வீட்டு சுவிச்சு உங்களுக்கு வெளாட்டுச் சாமானா?” என்றாள். கணவன் பக்கத்தில் நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

“அது எரிஞ்சது என்னால. இவளால இல்ல” என்று அவனிடம் சொன்னேன். அவன் மீட்டரோடு பிளக்கடியில் குந்தினான்.

வயர்மேன் சுமையை மூன்று கம்பிகளுக்கும் பிரித்தார். மறுபடியும் எல்லாவற்றையும் போட்டோம். 218. ஒரு கம்பியில் மூன்றில் ஒரு பங்கு சுமைதான். நியூட்ரலிலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. முன்பு நாற்பத்தெட்டு வோல்ட் விழுந்த இடத்தில் இப்போது எட்டு. ஃப்ரீசர் சத்தமில்லாமல் ஓடியது.

எரிந்த ஃப்ரீசருக்குப் பதில் புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். “அத பொறகு பாப்பம்” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் இருந்தது, இருக்கத்தான் வேண்டும்.

கணவன்தான் பிளக்கடியிலிருந்து எழுந்து, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, “பொறகு என்னத்துக்கு? பெரிசா ஒண்ட கேளு. கடக்காரன் ஐஸ் கூடுதலாக் கேட்டான் தானே, நீ ஏலாண்டு சென்ன” என்றான்.

“நான் ஏலாண்டு செல்லல்ல. நீங்கதான் சென்னீங்க.”

“சரி, நான்தான்” என்றான் அவன்.

அவள் ஃப்ரீசர் மூடியைத் திறந்து, அடைத்ததாக ஏச்சு வரும் என்று காலியாக விட்டிருந்த பாதியில் பால் பக்கெட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.