மேசைக்கு இந்தப் பக்கம்

வேலூரில் பெண்கள் மருத்துவப் பள்ளியில் நான் சேர்ந்த புதிது. வகுப்புச் சுவரில் தொங்கிய பழைய டச்சு ஓவியத்தின் அச்சுப்படத்தைப் பார்த்து, அதில் தெரிவதையெல்லாம் எழுதி வரச் சொன்னார்கள். கறுப்பு உடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாகச் சிலர் ஒரு பிணத்தைச் சூழ்ந்திருந்தார்கள். பாதிரிமார் ஜெபம் செய்கிறார்கள் என்று எழுதினேன். பிறகுதான் அறுத்துத் திறந்த கையும், வைத்தியர் பிடித்திருந்த இடுக்கியும் கண்ணில் பட்டன. எழுதியதை அடித்துவிட்டு, பிணத்தை அறுத்து நடத்தும் வைத்தியப் பாடம் என்று எழுதினேன்.

"வைத்தியம் கத்துக்கிற எடத்துல ஒரு பொம்பளகூட இல்ல!" என்று எரிந்து விழுந்தேன்.

உடன் படித்த ஆம்பூர்க்காரி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாரும் அந்தப் பக்கமே நெருக்கிக்கினு நிக்கிறாங்க. மேசைக்கு இந்தப் பக்கம் காலியாத்தான இருக்குது? ரெண்டு பேர் நம்மளயே பாக்குறாங்க பாரு."

பார்த்தேன். அந்தக் காலி இடத்தில்தான் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.