பலகைக்காரர் வீட்டம்மா

எங்கள் நெடுஞ்சாலைக்கு ஆறு வழிச் சாலை என்று பெயர். பாலத்தைப் பழுது பார்க்கத் தொடங்கிய பிறகு, பாலத்தின் மேல் ஒரு வழிதான் மிச்சம். அந்த ஒற்றை வழியில் இந்தப் பக்கத்து வண்டிகளைக் கொஞ்ச நேரமும் அந்தப் பக்கத்து வண்டிகளைக் கொஞ்ச நேரமுமாக மாற்றி மாற்றி விடுகிறார்கள். வேலை எந்தத் தேதியில் முடியும் என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். தேதி தாண்டியதும் தேதியின் மேல் மட்டும் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் தினமும் கம்பெனி பஸ்ஸில் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். என்ன பாவம் செய்தேன் என்று யோசிக்க அங்கே நிறைய நேரம் கிடைக்கிறது.

பாலத்தின் இந்த முனையில் ஒருவர் நிற்பார். கையில் ஆளுயரக் கம்பு, அதன் உச்சியில் வட்டமான பலகை. பலகையின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. தலையில் மஞ்சள் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தூசிக்காக மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிய துண்டு. முகம் என்று பார்க்க ஒன்றுமே மிஞ்சாது. அவர் கம்பைத் திருப்பினால் போவோம், திருப்பாவிட்டால் உட்கார்ந்திருப்போம்.

"மந்திரி போறாருன்னா ரோட்டை நிறுத்துவாங்க. இந்த மந்திரி தானும் போக மாட்டாரு, நம்மளையும் போக விட மாட்டாரு" என்று கமெண்ட்ரி அண்ணன் பின் சீட்டிலிருந்து ஒரு நாள் சொன்னார். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு மந்திரி என்றே பெயர்.

கமெண்ட்ரி அண்ணன் எங்கள் கம்பெனியில் ஃபிட்டர். யாராவது தும்மினால்கூட மேட்ச் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டு வருவார். கெட்ட மனிதர் இல்லை. நின்றுபோன பஸ்ஸில் அவர் வாய்தான் எங்களுக்கு மின்விசிறி. டிரைவர் அண்ணன் வேறு ரகம். பலகை சிவப்பானதும் ஸ்டீயரிங்கில் ஓர் அடி அடித்து, மந்திரியைப் பெற்றவளிலிருந்து தொடங்குவார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். மந்திரி நிற்பதோ கைக்கு எட்டும் தூரத்தில். ஆனாலும் யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை. அவருக்குக் காது இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன்.

என் பக்கத்துச் சீட்டில் ஸ்டோர் அக்கா. கம்பெனியில் கையுறை, திருகாணி, பல்பு, பசை எதுவானாலும் அக்காவின் கம்பி ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயது. பேச்சு குறைவு, எண்ணிக் கொடுப்பதில் கறார். "அக்காகிட்ட ஒரு வாஷர் கூட வாங்கறது, வட்டிக்காரன்கிட்ட சிரிப்பை வாங்கற மாதிரி" என்பார் கமெண்ட்ரி அண்ணன். மந்திரியைத் திட்டும் நேரத்தில் மட்டும் அக்கா செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பார். திரை அணைந்துதான் இருக்கும். கெட்ட வார்த்தை பிடிக்காத பெண்மணி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு முறை அக்காவுக்குக் காய்ச்சல். ஸ்டோர் சாவி அவரிடம் மாட்டிக்கொண்டது. வீடு என் வீட்டுக்குப் பக்கம் என்பதால் சாவியை வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கக் கதவைத் தட்டினால் ஓர் ஆள் திறந்தார். உயரமானவர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வலது தோளில் தைல வாடை. வராந்தாக் கொடியில் மஞ்சளும் வெள்ளியுமாக மின்னும் மேல்சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய தண்ணீர் சிமெண்ட் நிறத்தில் இருந்தது.

"வாங்கம்மா. இவளுக்குக் காய்ச்சல்னு இன்னைக்கு லீவு போட்டேன். நீங்க டிரைவர் பின்னாடி ரெண்டாவது சீட்டு இல்ல?" என்றார் மந்திரி.

அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனபோது நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"மொத நாள் சொல்லிடலாம்னுதான் வாயைத் தெறந்தேன். பெருமையாக்கூட இருந்துச்சு. அதுக்குள்ள டிரைவர் அண்ணன் எங்க மாமியாரை இழுத்துட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அக்காவின் வீட்டுக்காரர் முன்பு தொலைதூர லாரி ஓட்டியவர். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனி உட்கார்ந்து ஓட்டினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் சும்மா இருந்து, அதன் பிறகு கிடைத்த வேலை இது. "உக்காந்து கெட்ட இடுப்பு நின்னாவது தேறுதான்னு பாக்கறேன்" என்று சிரித்தார். வேலையைப் பற்றிக் கேட்டதும் சந்தோஷமாகச் சொன்னார். "அந்த முனையில ஒரு ஆளு, இந்த முனையில நான். வாக்கிடாக்கில பேசிக்குவோம். அது மக்கர் பண்ணுச்சுன்னா செகப்புக் கொடிதான். கடைசி வண்டிக்காரர் கையில கொடுத்து அனுப்பிருவேன். கொடி அங்க போய்ச் சேந்தாத்தான் பாலம் காலின்னு அர்த்தம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரு சைக்கிளைக்கூட விட மாட்டோம். விட்டா நடுப் பாலத்துல மூஞ்சிக்கு மூஞ்சி நிப்பாங்க. பின்னால எடுக்க எடம் ஏது?"

தூக்கத்தில்கூட அவருடைய கை கம்பைத் திருப்புகிறது என்றார் அக்கா. கிளம்பும்போது அவர் என்னிடம், "இவ எங்க வீட்டுக்காரின்னு பஸ்ல சொல்லிடாதீங்கம்மா. எனக்கென்ன, நின்னுட்டு வந்துருவேன். இவ தெனம் அவங்களோட உக்காந்து போகணும்" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் என் காதும் எரிந்தது. பக்கத்தில் அந்த அம்மா அணைந்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை.

மழை விட்டிருந்த ஒரு நாள் காலை. முந்தைய வாரம் முழுவதும் கம்பெனியில் தாமதத்துக்காக எல்லோரும் பேச்சு வாங்கியிருந்தோம். அன்று பலகை நீண்ட நேரம் சிவப்பாகவே இருந்தது. டிரைவர் அண்ணன் பெற்றவளை முடித்துவிட்டுப் பாட்டனுக்குப் போயிருந்தார். கடைசியாகப் பச்சை வந்தது. வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது மந்திரி கையைக் காட்டி நிறுத்தி, டிரைவர் ஜன்னலில் ஒரு சிவப்புக் கொடியை நீட்டினார்.

"வாக்கிடாக்கி வேலை செய்யலைங்க. நீங்கதான் கடைசி வண்டி. அந்தப் பக்கம் இருக்கற ஆளுகிட்ட குடுத்துருங்க."

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவும் அவரைப் பார்க்கவில்லை. பழகிப் போயிருந்தது.

"இது ஒண்ணுதான் குறைச்சல். யாராவது பிடிங்கப்பா" என்று டிரைவர் அண்ணன் கொடியைப் பின்னால் தள்ளினார். அது கைமாறிக் கைமாறிக் கமெண்ட்ரி அண்ணனிடம் போய்ச் சேர்ந்தது. அவர் சும்மா இருப்பாரா? எழுந்து நின்று கொடியை ஆட்டி, அரசாங்கமே தம் கைக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். பஸ் சிரித்தது. நாங்கள் பாதிப் பாலம் வந்திருந்தோம்.

"மந்திரி இன்னைக்கு ஒரு நாள் முழிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கொடியை ஜன்னல் வழியாக வீசினார்.

கைதட்டினார்கள். அக்கா எழுந்துவிட்டார்.

"அண்ணே, வண்டியை நிறுத்துங்க."

"நடுப் பாலத்துலயா? என்னக்கா, வாந்தி வருதா?"

"கொடியை எடுக்கணும்."

"விடுக்கா. ஒரு முழத் துணி. அவங்ககிட்ட மூட்டை மூட்டையா இருக்கும்" என்றார் கமெண்ட்ரி அண்ணன்.

அக்கா சீட்டுகளுக்கு நடுவே நடந்து டிரைவர் பக்கத்தில் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமாகத் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. ஸ்டோர் ஜன்னலில் ஸ்டாக் இல்லை என்று சொல்லும் அதே குரல்.

"அந்தக் கொடி போகலேன்னா ரெண்டு பக்கமும் ஒரு வண்டி நகராது. இருக்கற கோவத்துல எல்லாரும் எறங்கி அந்தப் பலகைக்காரரைத்தான் அடிப்பாங்க. அவரு என் வீட்டுக்காரரு. நீங்க தெனம் திட்டறது எங்க மாமியாரை. அவங்க செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. வண்டியை நிறுத்துங்கண்ணே."

பஸ் நின்றது. அக்கா இறங்கினார், நானும் பின்னால் இறங்கினேன். எனக்கு அழுகை வந்தது. அங்கே அழுதால் அக்காவுக்கு இன்னொரு வேலை என்று அடக்கிக்கொண்டேன்.

கொடி, வழியைப் பிரிக்க வரிசையாக வைத்திருந்த சிமெண்ட் கட்டைகளுக்கு அப்பால் போய், உடைத்துப்போட்ட பாதியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகளில் சிக்கியிருந்தது. கீழே ஆள் உயரப் பள்ளம், அதில் மழைத்தண்ணீர். அக்கா கட்டையின் மேல் குப்புறப் படுத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினார். நான் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை எட்டவில்லை. அடுத்த தடவையும் எட்டவில்லை. ஒருவழியாகக் கொடி கைக்கு வந்தபோது உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

எழுந்து நின்றபோதுதான் எங்களுக்குப் பின்னால் பாலத்தின் முனை தெரிந்தது. ஹாரன் ஒரே இரைச்சல். ஆட்கள் வண்டிகளை விட்டு இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடியும் சாய்ந்தது. பிறகு தெரியவில்லை.

"அக்கா, ஓடுங்க, அங்க போகலாம்" என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா ஒரு கணம் நின்றார். என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார்.

"நான் அங்க போய் என்ன பண்ண? கொடி அந்தப் பக்கம் போய், எதிர்வண்டி வந்தாத்தான் கூட்டம் கலையும்" என்று சொல்லிவிட்டு, புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் போயிருப்பார்.

அந்த முனையில் நின்ற ஆள், "ஏங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். அக்கா ஜன்னல் வழியாகக் கொடியைக் கொடுத்துவிட்டு, எதிர்வரிசையின் முதல் வண்டி கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சீட்டில் வந்து உட்கார்ந்தார். கம்பெனி போகும்வரை வீட்டுக்காரருக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். கடைசியில் எடுத்தார். கண்ணாடி உடைந்தது, சட்டை கிழிந்தது, வேறொன்றும் இல்லை என்றாராம். கொடி ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, கீழே விழுந்துவிட்டது, எடுக்க நேரமாகிவிட்டது என்று மட்டும் அக்கா சொன்னார்.

அன்று ஸ்டோர் ஜன்னலில் எனக்கு முன்னால் கமெண்ட்ரி அண்ணன் நின்றார். மனிதருக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

"அக்கா..."

"என்ன வேணும்?"

"கையுறை."

"சைஸ்?"

"ஒம்பது."

கைக்குட்டை சுற்றிய கையால் அக்கா எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். "அடுத்த ஆளு" என்றார் அக்கா.

மறுநாள் காலை பலகைக்கு முன்னால் பஸ் நின்றபோது டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்தார். ஸ்டீயரிங்கை அடிக்கவில்லை. கமெண்ட்ரி அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பேரும் ஊமை. அந்த அமைதி, திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சீக்கிரம் பச்சை வரட்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

அதற்கும் மறுநாள் பஸ் ஏறியதும் அக்காவே ஆரம்பித்தார். "நேத்து வீட்டுக்கு வந்ததும் கேக்கறாரு, உங்க பஸ்ல யாராவது செத்துட்டாங்களா, ஒரு சத்தத்தையும் காணோமேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க என் வீட்டுக்காரர்னு சொல்லிட்டேன்னேன். சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் ஒண்ணும் பேசல. கோவம்னு நெனச்சேன். கை கழுவிட்டு வந்து சொல்றாரு, முன்னாடியே சொல்லிருந்தா நான் சவரம் பண்ணிட்டு நின்னுருப்பேனேன்னு."

பாலத்துக்கு வந்தோம். பலகை சிவப்பு. அதன் கீழே நின்றவருக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லை. துண்டும் இல்லை, அது இடுப்பில் தொங்கியது. மழமழவென்று சவரம் செய்திருந்தார். தாடையில் பிளேடு பட்ட ஒரு சின்னக் கீறல். இடது கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. தோண்டிய பக்கத்திலிருந்து தூசி அடித்துக்கொண்டிருக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராக நின்றார். பஸ்ஸில் எல்லோரும் முதன்முதலாக அந்த முகத்தைப் பார்த்தோம்.

அக்கா ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளினார்.

"துண்டைக் கட்டுங்க. தூசி கண்ணு மூக்கெல்லாம் போகுது" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் ஜன்னலாக எங்கள் எல்லோரையும் பார்த்த கண் கடைசியில் அக்காவிடம் வந்து நின்றது.

"இருக்கட்டும். உங்க பஸ் போகட்டும், கட்டிக்கறேன்."