ராணிப்பேட்டை சிவப்பு கார்

ஸ்போர்ட்ஸ் கார் மோகம் என்னை எழுபது வயதிலும் விடவில்லை. பல கார்களை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, ராணிப்பேட்டையில் பழைய கார் விற்கும் ஷெட்டில் ஒரு பழைய சிவப்பு காரின் கதவைத் திறந்தேன். சூடேறிய தோல் சீட்டின் வாடை அடித்தது. சீட்டின் ஓரத்தில் நான் சிறுவயதில் கத்தியால் கீறிய கோடு இருந்தது.

அப்போது ஆம்பூரில் இது எங்கள் எதிர்வீட்டுத் தோல் தொழிற்சாலை முதலாளியின் கார். டிரைவர் காதர் பாய் தினமும் அதோடு உருதுவில் பேசிக்கொண்டே துடைப்பார். ஒருநாள் அவர் காரின் முன்னால் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் உள்ளே ஏறி ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். கார் சத்தமில்லாமல் சரிவில் உருண்டு அவரைச் சுவரோடு நசுக்கியது. நான் ஓடிவிட்டேன். அவர் இறந்தார். வண்டி தானாக நகர்ந்தது, பேய் என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன் சார்," என்றார் விற்பவர். "இது தானா நகரும், அந்தக் காலத்துல ஒரு டிரைவரைக் கொன்னுச்சுன்னு பேச்சு. அதான் வெல கம்மி."

"பேயெல்லாம் இல்ல தம்பி. அன்னிக்கு பிரேக்கை இறக்குனது நான்தான்," என்றேன். வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்னேன்.

விற்பவர் தலையாட்டினார்.

"அன்னிக்கு நீங்க, சரி. போன வாரம் ராத்திரி ஷெட்டைப் பூட்டிட்டுப் போனேன் சார். தரை மட்டமாதான் இருக்கு. காலைல வந்தா வண்டி செவுத்துல ஒட்டிக்கினு நிக்குது. அது யாரு?"