மாதப்பனின் தாடி

மஞ்சக்குட்டையில் மாதப்பன் அண்ணன் ஒரு வருடம் தாடி வளர்த்தார். சேர்வராயனுக்கு நேர்த்திக்கடன் என்று ஊரே நினைத்துக்கொண்டது, அவரும் மறுக்கவில்லை. உண்மையில், அவர் மனைவி சின்னத்தாயி அவரை பிளேடைத் தொட விடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் வீட்டு பிளேடு, கொடுவாள், அரிவாள்மனை எல்லாம் ஒரு சாக்கில் கட்டப்பட்டுப் பக்கத்து வீடான என் வீட்டில்தான் கிடந்தன. நான் தனபால், ஏற்காட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன்.

அண்ணன் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து, அதில் படர்ந்த மிளகைப் பறிக்கிறவர். போன வருடம் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் என்றார்கள். முன்னதாக ரத்தம் சோதித்ததில், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் முப்பதாயிரம்தான் இருந்தன. கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனபோதும் அதே பதில்தான்.

அன்றிலிருந்து தட்டணு ஏறவென்று பப்பாளி இலைச்சாறு. புறக்கடை மரம் மொட்டையாகிவிட்டது. “இந்தக் கசப்புலயே நான் போய்ச் சேந்துருவேன் தனபாலு” என்பார் அண்ணன். மிளகுப் பறிப்பு வந்தபோது மற்றவர்கள் ஏற, அவர் கீழே நின்று கொத்தைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்தார். அண்ணனையும் சின்னத்தாயியையும் என் ஜீப்பில் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, அண்ணனின் கையைத் திருப்பிப் பார்த்தார். “பல் விளக்கும்போது ரத்தம் வருதா? எங்கேயாவது தோல் கன்னிப்போகுதா?”

“அதெல்லாம் இல்லீங்க. போன மாசம் காபித் தோட்டத்துல முள்ளுக் கிழிச்சுது, தன்னால நின்னுபோச்சுங்க.”

“ஏனுங்க, எந்த முள்ளு? எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே!” என்று சின்னத்தாயி பிடித்துக்கொண்டாள்.

டாக்டருக்கு அந்த முப்பதாயிரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி லேபுக்கு அனுப்பினார். லேபில் இருந்தது வெள்ளக்கடை ஊர்ப் பெண் ஷீனா. பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள், கையில் ஊதா மூடி போட்ட டியூப்.

“ஐயா, ரத்தம் உறையாம இருக்க இதுக்குள்ள ஒரு மருந்து இருக்குதுங்க. அது சில பேரு ரத்தத்துல தட்டணுவையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சிரும். மெசினுக்கு ஒத்தை ஒத்தையா இருந்தாத்தான் எண்ணத் தெரியும். நீங்க மிளகை உதுக்காம கொத்தா எண்ணுனா எப்படியிருக்கும்? அப்படித்தானுங்க. உங்க ஒடம்புல ஒரு குறையும் இல்லீங்க, எல்லாம் டியூப்புக்குள்ள நடக்கறது.”

வேறு மருந்து உள்ள நீல மூடி டியூபில் புதிதாக ரத்தம் எடுத்து உடனே எண்ணினாள். இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது. அண்ணன் அவள் தலையில் கை வைத்து, “நல்லா இரு சாமி” என்றார்.

சின்னத்தாயிதான் நம்பவில்லை. “டியூப்பு மாத்துனா ரத்தம் மாறுமா? ஆபரேசன் வேண்டாமுங்க” என்று வழியெல்லாம் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் நேராக என் வீட்டுச் சாக்கை அவிழ்த்து, பிளேடை எடுத்துக்கொண்டு, மொட்டைப் பப்பாளியில் கண்ணாடியை மாட்டினார். அவள் துண்டோடு பக்கத்தில் நின்றாள். ஒரு வருடமாகப் பழக்கம் விட்ட கை, கன்னத்தில் கீறிவிட்டது. சிவப்பாக ஒரு சொட்டு வந்தது. அவள் துடைக்கக்கூட இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இன்னொரு சொட்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“தாடி போனதுக்கா புள்ள அழுவற?” என்றார் அண்ணன்.

மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். “தம்பி, ஆபரேசனுக்கு எப்பப் போலாமுன்னு கேட்டுட்டு வா. அந்த நீல மூடியும் வேணுமுன்னு சொல்லிரு.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சொன்ன ஓய்வும் முடிந்து, இந்தப் பறிப்புக்கு அண்ணன் ஏணியில் ஏறிவிட்டார், மழமழவென்ற முகத்தோடு. நேற்று மேலிருந்து கொடுவாள் கேட்டார். சின்னத்தாயி எட்டி, பிடிப்பக்கமாக அவளே நீட்டினாள்.