துப்பட்டா குஞ்சத்தில் கட்டிய நண்டு

நெயில் பாலிஷ் வாசனை எங்கே வந்தாலும் எனக்குத் திருவண்ணாமலை செங்கம் ரோட்டு மாடி அறைதான் ஞாபகத்துக்கு வரும்... ஷாம்பு போட்டு அலசிய சேவல் இறகுகள் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். அதன் கீழே நான்கு பெண்கள் தலை நிமிராமல் தூண்டில் முள்ளில் நூல் சுற்றிக்கொண்டிருப்போம்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் பார்த்த முதல் வேலை அது. பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்.

வேலை கொடுத்தவர் மார்க் சார். அமெரிக்காக்காரர். மலையைப் பார்க்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். அவர் ஊர்க் கடலில் சர்ஃப் பெர்ச் என்று ஒரு மீன் உண்டு. உள்ளங்கை அகலம், வெள்ளி நிறம். அலை உடைகிற நுரைக்குள்ளேயே திரியும். கரையில் நின்றபடி நீளமான மெல்லிய கோலை வீசி அதைப் பிடிப்பார்களாம். உயிருள்ள இரை கிடையாது. சார் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து முள்ளின் மேல் இறகும் நூலும் கட்டி, அந்த மீனுக்கு இரையாகும் சின்ன நண்டு மாதிரித் தெரிய வைக்கவேண்டும். முடிச்சின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அப்படிக் கட்டி முடித்த முள்ளை நாங்கள் 'பூச்சி' என்போம்.

அந்த ஊர்க் கடைக்கு அனுப்பிய முதல் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. மீன் கிட்டே வருகிறது, பார்க்கிறது, போய்விடுகிறது என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு முறை அனுப்பலாம். அதுவும் சரியில்லை என்றால் வேண்டாம்.

செல்வி அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. எங்கள் நால்வரில் மூத்தவர். கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தவர், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்தது இங்கேதான். எனக்கோ வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வேலையும் போய்விட்டால் தட்டிக்கழிக்கக் காரணம் இருக்காது.

"நாங்க கட்டறது சரியாதான் சார் இருக்குது. நீங்க வரைஞ்ச படத்துலதான் ஏதோ கம்மியா இருக்குது. அந்த நண்ட நான் கண்ணால பாக்கணும்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

மார்க் சார் கோபப்படவில்லை. "மரக்காணம் பீச்ல அதே மாதிரி நண்டு இருக்கு. போலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வந்த பூச்சிகளையும் ஒரு தூண்டில் கோலையும் எடுத்துக்கொண்டு அவரும் செல்வி அக்காவும் திருவண்ணாமலையில் பஸ் ஏறினார்கள். நான் கீழ்பென்னாத்தூரில் ஏறிக்கொண்டேன். திண்டிவனத்தில் மாறி மரக்காணம் போய்ச் சேர்ந்தோம். கடலை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆனால் நின்று பார்க்கத் தோன்றவில்லை. கண்ணெல்லாம் ஈர மணலில்தான்...

அலை பின்வாங்கிய இடத்தில் சார் கையால் தோண்டினார். புளியங்கொட்டை மாதிரி வழவழப்பாக, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன நண்டு. படத்தில் இருந்தது போலவேதான் இருந்தது.

எங்கள் வயலில் நண்டு பிடித்தால் முதலில் புரட்டிப் பார்ப்போம். முட்டையோடு இருந்தால் விட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தில் இதையும் புரட்டினேன். வயிறு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் முட்டை.

"சார், இது உங்க படத்துல இல்லியே."

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். ஒரு தடவைகூட திருப்பிப் பாத்தது இல்ல" என்றார்.

என் துப்பட்டா குஞ்சம் ஆரஞ்சு. பல்லால் கடித்து நூல் எடுத்தேன். செல்வி அக்கா முள்ளை விரலிடுக்கில் அசையாமல் பிடித்துக்கொள்ள, பழைய பூச்சியின் அடிவயிற்றில் சுற்றி முடித்தேன். சார் அதைக் கோலில் மாட்டி என் கையில் கொடுத்தார்.

"நீங்க வீசுங்க."

முதல் வீச்சு என் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது, செல்வி அக்காவின் கொண்டையில். அவர் முள்ளை எடுத்துவிட்டு, "பொறுமையா வீசுடி, மீன் ஒண்ணும் பஸ் புடிக்கப் போவல" என்றார். எத்தனையாவது வீச்சோ தெரியாது... நூல் வெடுக்கென்று இழுத்தது. முழங்கால் அளவு அலையில் பின்னோக்கி நடந்து கரைக்கு இழுத்தேன். வெள்ளியாக ஒரு கிழங்கான் மீன், வாயோரத்தில் என் ஆரஞ்சு நூல்.

செல்வி அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அடுத்த பெட்டி முழுக்க அடிவயிற்றில் ஆரஞ்சு வைத்துக் கட்டினோம். இரண்டு மாதம் கழித்து ஒரு படம் வந்தது. பனி மூடிய ஒரு கடற்கரை, யாரோ ஒருவருடைய நனைந்த கை, அதில் சர்ஃப் பெர்ச். அதோடு இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று ஒரு வரி. மார்க் சார் ஊர் திரும்பும்வரை மூன்று வருஷம் எங்களுக்கு வேலை குறையவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டித்தான் என் வேலையைப் பற்றிச் சொன்னேன்.

இப்போது அரசாங்க வேலை. ஏ.சி. அறை, சுழலும் நாற்காலி. நாள் முழுக்க மனுக்களையும் பதில்களையும் டைப் செய்கிறேன். தப்பில்லாமல்தான் செய்கிறேன்...

அவை போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.