மெதுவாக மாறிய பாட்டு

ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நீளமாக மிக்ஸ் செய்வதுதான் கலை என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மர்பி டவுனில் ஒரு பகல் வரவேற்புக்கு நான்தான் டிஜே. பெண் வீட்டார் தமிழர்கள், மாப்பிள்ளை வீட்டார் கன்னடக்காரர்கள். அவரவர் பாட்டுக்கு அவரவர் ஆடிவிட்டு, பாட்டு மாறினால் ஒதுங்கிவிடுவார்கள். தமிழ்க் குத்துப்பாட்டை மெல்ல இறக்கி, அதே தாளத்தில் கன்னடப் பாட்டை ஏற்றினேன். மணப்பெண்ணின் அப்பா கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார்; அவருக்கு மட்டும் பாட்டு மாறியது தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சுற்றி நின்று, சிரித்துக்கொண்டே செல்போனில் வீடியோ பிடித்தார்கள். பாட்டைச் சட்டென்று வெட்டி மாற்றியிருந்தால் மனுஷன் மரியாதையாகப் போய் உட்கார்ந்திருப்பார். கண்ணைத் திறந்தவர் வேட்டியைச் சரிசெய்தபடி ஓரமாகப் போனார்.

மணப்பெண் என்னிடம் ஓடிவந்தாள்.

"அண்ணா, அதே மாதிரி இன்னொரு வாட்டி போடுங்க. அப்பா மூஞ்சி வீடியோல சரியா விழல."